யானை அளவு எறும்பு மலையைத் தூக்குமா?

எட்டு வயது மகள் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு துளைத்தெடுக்கிறாள், அவளுக்குப் புரிகிற மாதிரி யாராவது பதில் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எறும்பு தன் எடையைப் போல 50 மடங்கு தூக்கும் என்றால், யானை அளவு எறும்பு மலையையே தூக்குமா? தலை போன பிறகும் கரப்பான் பூச்சி உயிரோடு இருக்குமா? பூச்சிகளிலேயே பெரிய கெட்டிக்காரப் பூச்சி எது?

பூச்சியியல் பாடம் நடத்தி நடத்தியே தலை நரைத்தவன் நான். முதல் கேள்வியைப் படித்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. கல்லூரி மாணவர்களில்கூட இதைக் கேட்டவர்கள் குறைவு. "50 மடங்கா, அடேயப்பா!" என்று வாயைப் பிளந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். இனி அவளிடமே பேசுகிறேன், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். நடுவில் அவள் குறுக்கிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள், ஒரே நாளில் முடிக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

சரி கண்ணு, முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரே அளவிலான சதுரக் கட்டைகள் ஒன்பது எடுத்துக்கொள். ஒன்றைத் தனியாக வை. மீதி எட்டையும் கீழே நான்கு, மேலே நான்கு என்று அடுக்கி ஒரே பெரிய கட்டையாக ஆக்கு. இப்போது பெரியது சின்னதைவிட நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு, உயரத்திலும் இரண்டு மடங்கு. எடை எத்தனை மடங்கு? எட்டுக் கட்டை, அதனால் எட்டு மடங்கு. அதன் ஒரு பக்கத்தை மட்டும் பார். நான்கு சதுரம்தான் தெரியும்.

இந்த எட்டும் நான்கும்தான் விஷயமே. ஒரு கயிறு எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அது எவ்வளவு நீளம் என்பதில் இல்லை, எவ்வளவு தடிமன் என்பதில் இருக்கிறது. தசையும் அப்படித்தான். குறுக்கே வெட்டினால் தெரியும் பரப்பு எவ்வளவோ, அவ்வளவு பலம். ஆக உடம்பு இரண்டு மடங்கு வளர்ந்தால் பலம் நான்கு மடங்கு கூடும், ஆனால் சுமக்க வேண்டிய சொந்த எடை எட்டு மடங்கு கூடிவிடும். பத்து மடங்கு வளர்ந்தால் பலம் 100, எடை 1,000. வளர வளர எடை முன்னே ஓடும், பலம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். இதை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் கலிலியோ. ஆண்டு 1638, அப்போது அவருக்கு வயது 74. வானத்தை அளந்த அதே மனிதர்தான், பெரிய விலங்கின் எலும்பு ஏன் அவ்வளவு தடிமனாக இருக்கிறது என்றும் யோசித்துப் பார்த்தார்.

இனி உன் யானை எறும்பைச் செய்து பார்ப்போம். நம் எறும்பின் நீளம் 5 மில்லிமீட்டர், எடை 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள். 50 மடங்கு என்றால் 250 மில்லிகிராம் தூக்கும். (எல்லா எறும்பும் 50 மடங்கு தூக்காது, இனத்துக்கு இனம் மாறும். நீ சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.) அதை ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் 5 மீட்டர் நீள எறும்பு. எடை ஆயிரத்தை மூன்று முறை பெருக்கியபடி, அதாவது 100 கோடி மடங்கு. கணக்குப் போட்டால் சரியாக 5 டன் வரும், ஒரு யானையின் எடை! பலமோ 10 லட்சம் மடங்குதான். 250 மில்லிகிராம் தூக்கியது இப்போது 250 கிலோ தூக்கும்.

5 டன் உடம்பு, 250 கிலோ தூக்கும் பலம். மலையை விடு, அதனால் எழுந்து நிற்கவே முடியாது. அந்த மெல்லிய கால்கள் மடங்கி, தரையில் பொத்தென்று விழுந்து கிடக்கும்.

மூச்சும் திணறும். பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடம்பின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றிலிருந்து நூலைவிட மெல்லிய குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து உடம்புக்குள் போகும். காற்று அந்தக் குழாய் வழியே நேராகத் தசைக்கே போய்ச் சேரும். சின்ன உடம்புக்கு இது அருமையான ஏற்பாடு. குழாய் நீண்டுகொண்டே போனால் காற்று கடைசி வரை போய்ச் சேராது. 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மெகநியூரா என்று தட்டானின் தூரத்துச் சொந்தம் ஒன்று இருந்தது. இறக்கையை விரித்தால் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். அந்தக் காலத்தில் காற்றில் ஆக்சிஜன் இப்போதைவிட அதிகமாக இருந்தது. அவ்வளவு பெரிதாக வளர முடிந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள். பிடித்துத் தின்னப் பறவைகள் அப்போது இல்லாததும் இன்னொரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆகவே "மனிதனுக்கு எறும்பின் பலம் இருந்தால் லாரியைத் தூக்குவான்" என்று எங்காவது படித்தால் அப்படியே நம்பிவிடாதே. எனக்கு அந்த மாதிரி ஒப்பீடுகளைக் கண்டாலே எரிச்சல் வரும். கொம்புள்ள சாண வண்டு ஒன்று தன் எடையைப் போல 1,141 மடங்கு இழுத்ததாக 2010-இல் அளந்து சொன்னார்கள். அது உண்மை. அதை "70 கிலோ மனிதர் 80 டன் இழுப்பது போல" என்று எழுதும்போதுதான் கணக்கில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டை எங்கே என்று இப்போது உனக்கே தெரியும். அந்த வண்டுக்கு அவ்வளவு பலம் எதற்கு என்ற கேள்விதான் சுவையானது. பெண் வண்டு மண்ணுக்குள் சுரங்கம் தோண்டும். ஆண் வண்டு அதன் உள்ளே நின்று காவல் காக்கும். இன்னொரு ஆண் நுழைந்தால் கொம்போடு கொம்பு மோதித் தள்ளுமுள்ளு நடக்கும். தள்ளத் தெரியாதவன் வெளியே போக வேண்டியதுதான்.

சின்னதாக இருப்பதில் இன்னும் சில லாபங்கள் உண்டு. மழை பெய்யும்போது கொசு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறாயா? ஒரு மழைத்துளி கொசுவைப் போல 50 மடங்கு வரை எடை இருக்கும். உன் மேல் ஒரு பேருந்து விழுவதைப் போல என்று சொல்லத் தோன்றும். மறுபடியும் அதே ஓட்டை! கொசுவுக்கு எடையே இல்லாததால் துளி அதன் மேல் மோதி நிற்பதில்லை, அதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகிறது. பறக்கும் பலூனைக் கையால் குத்திப் பார், பலூனுக்கு வலிக்குமா? அது கையோடு போகும், அவ்வளவுதான். கொசு கொஞ்ச தூரம் துளியோடு விழுந்துவிட்டு, பக்கவாட்டில் நழுவி வெளியே வந்துவிடும். அமெரிக்காவில் 2012-இல் வேகமாகப் படம் பிடிக்கும் கேமரா வைத்து இதைப் பார்த்தார்கள். தரைக்குப் பக்கத்தில் பறந்தால் மட்டும் ஆபத்து, நழுவுவதற்குள் தரை வந்துவிடும்.

நஷ்டமும் உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் உனக்கு ஒன்றுமே இல்லை. எறும்புக்கு அது சிறை. தண்ணீரின் மேல்பரப்பு மெல்லிய தோல் போல இழுத்துப் பிடிக்கும், அதைக் கிழித்துக்கொண்டு வர எறும்பால் சுலபமாக முடியாது. அதே தோலின் மேல்தான் நீர்தாண்டிப் பூச்சி நடக்கிறது. கால் முழுக்க நீர் ஒட்டாத நுண்ணிய மயிர்கள் இருப்பதால் அது மூழ்குவதில்லை.

குதிக்கிற பூச்சிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாய், பூனை உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி 3 மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் ஒரு சாண் உயரம் வரை எகிறும். இதற்குத் தசை மட்டும் போதாது. தசை எவ்வளவு வேகமாகச் சுருங்கினாலும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இத்தனை பலத்தைக் கொடுக்க அதனால் முடியாது. அதனால் தெள்ளு வில் வித்தை செய்கிறது. அம்பு எய்கிறவர் நாணை மெதுவாக இழுத்து, பிடித்து வைத்து, சட்டென்று விடுகிறார் அல்லவா? தெள்ளின் உடம்பில் ரெசிலின் என்ற ரப்பர் மாதிரிப் பொருள் இருக்கிறது. தசை அதை மெதுவாக அழுத்தி வைக்கும். கொக்கி விடுபட்டதும் படாரென்று விரியும், தெள்ளு காற்றில் பறக்கும்.

அதையும் மிஞ்சின ஒன்று உண்டு. செடித் தண்டில் யாரோ எச்சில் துப்பி வைத்த மாதிரி வெள்ளை நுரை பார்த்திருப்பாய். அதற்குள் ஒரு குட்டிப் பூச்சி ஒளிந்திருக்கும். அது வளர்ந்தால் 6 மில்லிமீட்டர் வரும், ஆனால் 70 சென்டிமீட்டர் உயரம் குதிக்கும்.

தத்துப்பூச்சி ஒன்றின் குஞ்சிடம் இன்னொரு அதிசயம் இருக்கிறது. குதிக்கும்போது இரண்டு பின்னங்கால்களும் ஒரே நேரத்தில் உதைக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் முந்தினாலும் உடம்பு பம்பரம் போலச் சுற்றிவிடும். அதனால் இரண்டு காலும் உடம்போடு சேரும் இடத்தில் பற்சக்கரம்! கடிகாரத்துக்குள் ஒன்றோடு ஒன்று பல் பொருந்திச் சுற்றுமே, அதே பற்சக்கரம். ஒரு கால் நகர்ந்தால் மற்றது நகர்ந்தே ஆக வேண்டும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 2013-இல் இதை வெளியிட்டபோது நான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பற்சக்கரத்தை மனிதன்தான் கண்டுபிடித்தான் என்று அதுவரை வகுப்பில் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வளர்ந்த பூச்சியிடம் இந்தச் சக்கரம் இல்லை, கடைசித் தோல் உரியும்போது அதுவும் போய்விடுகிறது. குஞ்சுக்குப் பல் உடைந்தால் அடுத்த தோலோடு புதுப் பல் வரும், பெரிய பூச்சி மறுபடி தோல் உரிக்காது. உடைந்தால் உடைந்ததுதான் என்பதால் பெரியது வேறு முறையில் குதிக்கிறது போலும்.

இனி கரப்பான். ஆமாம், தலை போன பிறகும் அது சில வாரம் வரை உயிரோடு இருக்கும். அருவருப்பாக இருந்தாலும் காரணம் எளிது. நாம் மூச்சு விடுவது மூக்கால், அது தலையில் இருக்கிறது. கரப்பான் மூச்சு விடுவது உடம்பின் பக்கத்துத் துளைகளால், அதற்குத் தலையே வேண்டாம். நமக்குக் குழாய்க்குள் ரத்தம் அழுத்தத்தோடு ஓடுகிறது, கழுத்து வெட்டுப்பட்டால் பீய்ச்சி அடிக்கும். கரப்பானின் ரத்தம் உடம்புக்குள் சும்மா தளும்பிக்கொண்டிருக்கும், வெட்டுவாய் சீக்கிரம் உறைந்து மூடிக்கொள்ளும். கால்களை அசைக்க உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் தலையைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வாய் போய்விட்டதே. தண்ணீர் குடிக்க முடியாது, தின்ன முடியாது. கடைசியில் அதனால்தான் சாகும்.

கரப்பானின் உண்மையான சாமர்த்தியம் இடுக்கில் நுழைவது. நிற்கும்போது 12 மில்லிமீட்டர் உயரம் இருப்பது, 3 மில்லிமீட்டர் இடுக்குக்குள் ஒரு நொடியில் நழுவிவிடும். நசுங்கி, தட்டையாகி, கால்களைப் பக்கவாட்டில் விரித்து உள்ளேயும் ஓடும். இடிந்து விழுந்த கட்டடங்களுக்குள் புகுந்து ஆட்களைத் தேட இதைப் பார்த்து ஒரு ரோபோகூடச் செய்து பார்த்திருக்கிறார்கள். இதற்கு நேர் எதிர், அமெரிக்காவில் இருக்கும் இரும்பு வண்டு. வளையவே வளையாது. தன் எடையைப் போல 39,000 மடங்கு பாரத்தைத் தாங்குகிறது என்று 2020-இல் அளந்தார்கள். கார் ஏறி இறங்கினாலும் எழுந்து நடந்து போய்விடும். பூச்சி சேகரிப்பவர்கள் அதைப் பெட்டியில் குத்தி வைக்க ஊசி எடுத்தால் ஊசிதான் வளையும்.

இப்போது உன் மூன்றாவது கேள்வி. கெட்டிக்காரப் பூச்சி எது? பரிசு ஒன்றுதான் கொடுக்கலாம் என்றால் எனக்குத் திண்டாட்டம்தான். மூன்று பேர் முன்னால் நிற்கிறார்கள்.

முதல் ஆள் சஹாரா பாலைவன எறும்பு. நடுப்பகல் வெயிலில், மற்ற உயிர்கள் எல்லாம் நிழலில் பதுங்கும்போது, இது வெளியே வரும். வெயிலில் செத்து விழுந்த பூச்சிகளைத் தேடி இப்படியும் அப்படியும் வளைந்து வளைந்து ஓடும். ஒன்று கிடைத்துவிட்டால் வந்த வழியே திரும்பாது. வீட்டை நோக்கி நேர்கோட்டில் ஓடும். மணலில் அடையாளம் இல்லை, சூட்டில் வாசனைத் தடமும் நிற்காது. அப்படியானால் எப்படித் தெரிகிறது? திசையை வானத்தின் வெளிச்சம் சொல்கிறது. தூரத்தை?

இதைத் தெரிந்துகொள்ள 2006-இல் விஞ்ஞானிகள் ஒரு வேடிக்கை செய்தார்கள். எறும்புகளைக் கூட்டிலிருந்து 10 மீட்டர் தூரம் நடக்க விட்டு, அங்கே தீனி வைத்தார்கள். தீனியை எடுத்ததும் சில எறும்புகளைப் பிடித்துக் காலில் பன்றி மயிரை ஒட்டினார்கள். பொய்க்கால்! வேறு சில எறும்புகளுக்குக் காலைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கினார்கள். (எனக்கும் அது பிடிக்கவில்லை கண்ணு, ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.) பிறகு வீட்டுக்குப் போகவிட்டார்கள். பொய்க்கால் எறும்பு வீட்டைத் தாண்டி இன்னும் 5 மீட்டர் போய் நின்று, "இங்கேதானே இருந்தது?" என்பது போல வட்டமடித்துத் தேடியது. குட்டைக் கால் எறும்பு பாதி வழி சொச்சத்திலேயே நின்று தேடியது.

புரிகிறதா? அது அடியை எண்ணுகிறது. போகும்போது இத்தனை அடி, திரும்பும்போதும் அத்தனையே அடி. கால் நீண்டால் ஒவ்வொரு அடியும் நீளும், அதனால் அதே எண்ணிக்கையில் வீட்டைத் தாண்டிவிடும். சந்தேகம் தீர இன்னொன்றும் செய்தார்கள். அதே பொய்க்கால் எறும்பைச் சில நாள் கழித்து வீட்டிலிருந்தே புறப்பட விட்டார்கள். போனதும் பொய்க்கால், வந்ததும் பொய்க்கால். சரியாக வாசலில் போய் நின்றது. நாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது போல அது எண்ணுவதாக யாரும் சொல்லவில்லை. அதன் உடம்புக்குள் அடியைக் கூட்டிக்கொண்டே போகும் ஏதோ ஒன்று இருக்கிறது.

இரண்டாவது ஆள் மறுபடியும் சாண வண்டு, ஆனால் உருண்டை உருட்டும் வகை. சாணக் குவியலில் கூட்டம் அதிகம், திருடர்களும் அதிகம். உருண்டையைப் பிடித்ததும் வேகமாக, நேராக ஓடிவிட வேண்டும். வளைந்தால் மறுபடி குவியலுக்கே வந்து மாட்டிக்கொள்ளும். பகலில் சூரியனைப் பார்த்து நேராகப் போகிறது. நிலா இல்லாத இரவில்? தென்னாப்பிரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில வண்டுகளுக்கு அட்டையில் குட்டித் தொப்பி மாட்டி வானத்தை மறைத்தார்கள், தொப்பி போட்டவை தாறுமாறாகச் சுற்றின. மற்றவை நேராகப் போயின. பிறகு ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குள் வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள், மேலே செயற்கை வானம். அதில் விண்மீன்களை எல்லாம் அணைத்துவிட்டுப் பால்வீதியின் மங்கலான பட்டையை மட்டும் காட்டியபோதும் நேராகவே போயின. 2013-இல் இது வெளியானது. சாணியை உருட்டிக்கொண்டு போகிறவனுக்கு வழி காட்டுவது பால்வீதி! அந்த ஆராய்ச்சிக்கு அதே ஆண்டு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் பரிசு அது.

மூன்றாவது ஆள், தேனீ. என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு தேனீ நல்ல பூந்தோட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கூட்டுக்கு வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சு கிடையாது, கூட்டுக்குள் இருட்டு வேறு. அது ஆடிக் காட்டுகிறது. நேராகக் கொஞ்ச தூரம் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே ஓடும், வலப்பக்கம் வளைந்து புறப்பட்ட இடத்துக்கு வரும், மறுபடி அதே கோட்டில் ஆட்டி ஓடும், இப்போது இடப்பக்கம் வளையும். 8 என்ற எண்ணைப் படுக்க வைத்து எழுதுவது போல இருக்கும். அடை செங்குத்தாகத் தொங்குகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள். அதில் "நேர் மேலே" என்றால் "சூரியன் இருக்கும் திசை" என்று அர்த்தம். மேல்நோக்கி ஆட்டி ஓடினால் பூக்கள் சூரியன் பக்கம். நேர் கீழே ஓடினால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம். மேலிருந்து 40 பாகை வலப்பக்கம் சாய்ந்து ஓடினால், வெளியே போய்ச் சூரியனிலிருந்து 40 பாகை வலப்பக்கம் பறக்க வேண்டும். எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம் ஆட்டுகிறதோ அவ்வளவு தூரம். ஒரு நொடி ஆட்டினால் தோராயமாக ஒரு கிலோமீட்டர். மற்ற தேனீக்கள் இருட்டில் அதைத் தொட்டும் உரசியும் புரிந்துகொண்டு கிளம்பிவிடும்.

கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்பவர் இந்த மொழியைப் புரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் செலவிட்டார். தேனீக்களின் முதுகில் வண்ணப் பொட்டு வைத்து யார் யார் எங்கே போகிறார்கள் என்று குறித்துக்கொண்டே இருந்தார். 1973-இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. முதலில் பலர் நம்பவில்லை. ஒரு பூச்சி, கண்ணெதிரே இல்லாத இடத்தைப் பற்றிப் பேசுமா என்று கேட்டார்கள். நியாயமான சந்தேகம்தான்.

இன்னும் கேள். இந்த ஆட்டம் பிறக்கும்போதே முழுசாக வந்துவிடுவதில்லை. 2023-இல் ஒரு சோதனையில், மூத்த தேனீக்களே இல்லாத கூட்டில் இளம் தேனீக்களை வளர்த்தார்கள். அவை ஆடின, ஆனால் தப்பும் தவறுமாக ஆடின. பழகப் பழகத் திசையைச் சரி செய்துகொண்டன, தூரத்தை மட்டும் கடைசி வரை தவறாகவே சொல்லின. மூத்தவர்களின் ஆட்டத்தைக் கிட்ட நின்று கவனித்த குட்டிகள்தான் ஒழுங்காக ஆடின. இவ்வளவுக்கும் தேனீயின் மூளையில் சுமார் 10 லட்சம் நரம்பு செல்கள்தான். உன் மூளையில் 8,600 கோடி.

தேனீயின் சொந்தம், பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீ. லண்டனில் இவற்றுக்குப் பக்கத்தில் சின்ன மர உருண்டைகளைப் போட்டு வைத்தார்கள். உருட்டினால் தீனி எதுவும் கிடையாது. ஆனாலும் வந்து வந்து உருட்டின. இளசுகள் அதிகம் உருட்டின, வயதானவை குறைவாக. விளையாட்டு என்றால் இதுதானே என்று நீ கேட்பாய். ஆராய்ச்சி செய்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அதற்கு உள்ளூர மகிழ்ச்சி இருந்ததா என்பதை மட்டும் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

தட்டானுக்குப் பரிசு இல்லையா என்று கேட்காதே, அது வேட்டைக்காரர் பிரிவு. துரத்திய இரையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிடித்துவிடும். சிங்கம்கூட நான்கு முறை பாய்ந்தால் ஒரு முறைதான் பிடிக்கும். தட்டான் இரையின் பின்னால் ஓடுவதில்லை. பந்து எங்கே வந்து விழும் என்று பார்த்து நீ முன்கூட்டியே ஓடுவாயே, அதேபோல இரை எங்கே வரப்போகிறது என்று கணித்து அங்கே போய் நிற்கும். நான்கு இறக்கையையும் தனித்தனியாக அசைக்கும், ஒவ்வொரு கண்ணிலும் சில இனங்களில் சுமார் 30,000 குட்டி லென்ஸ்கள். அதன் குஞ்சு தண்ணீருக்குள் வளரும். அது மூச்சு விடுவது பின்பக்கத்தால். ஆபத்து வந்தால் அங்கே இழுத்து வைத்த தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு ராக்கெட் போல முன்னே பாயும். இதைச் சொன்னால் எந்த வகுப்பும் ஐந்து நிமிடம் அடங்காது, நீயும் சிரித்து முடி, பிறகு போகலாம்.

சிரிக்கும்போதே வெடி வண்டையும் சொல்லிவிடுகிறேன். இதன் வயிற்றில் இரண்டு ரசாயனங்கள் சேர்ந்து இருக்கும், ஒன்றும் ஆகாது. எதிரி கடிக்க வந்தால் அவற்றைத் தடித்த சுவருள்ள இன்னொரு அறைக்குத் தள்ளும். அங்கே இருக்கும் நொதி பட்டதும் டப்பென்று கொதித்து, ஏறக்குறைய 100 பாகை சூட்டில் பின்பக்கமாகப் பீறிட்டு வெளியேறும். ஒரே பீச்சலாக இல்லாமல் நொடிக்குச் சுமார் 500 முறை விட்டு விட்டு அடிப்பதால் வண்டின் உடம்பு வெந்துபோவதில்லை. ஜப்பானில் தேரைகளை இந்த வண்டுகளை விழுங்க வைத்துப் பார்த்தார்கள். தேரையின் வயிற்றுக்குள்ளிருந்து டப் என்று சத்தம். கொஞ்ச நேரத்தில், சில தேரைகள் ஒரு மணி நேரத்துக்கும் மேலே கழித்து, வண்டை அப்படியே வாந்தி எடுத்தன. வண்டுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இப்படித் தப்பித்தன. வெளியே வந்த வண்டு நடந்து போய்விட்டது.

இன்னொன்று, எனக்கே இன்றைக்கும் புரிந்தும் புரியாமலும் இருப்பது. கம்பளிப்புழு கூட்டுப்புழுவாகும்போது உள்ளே அதன் உடம்பின் பெரும்பகுதி கரைந்து கூழாகி, புதிதாக இறக்கையும் காலும் கண்ணும் உருவாகும் என்று படித்திருப்பாய். அப்படியானால் புழுவாக இருந்தபோது நடந்தது அந்துப்பூச்சிக்கு ஞாபகம் இருக்குமா? 2008-இல் அமெரிக்காவில் புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே லேசாக மின்சாரம் கொடுத்தார்கள். அந்த வாசனை வந்தால் விலகிப் போகப் புழுக்கள் பழகிக்கொண்டன. பிறகு அவை கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக வெளியே வந்தன. வாசனையைக் காட்டியபோது பெரும்பாலானவை விலகிப் போயின. கூழான உடம்புக்குள்ளும் அந்தக் கசப்பான நினைவு தப்பித்து வந்திருக்கிறது. கடைசிப் பருவத்தில் பழக்கிய புழுக்களுக்குத்தான் அப்படி. அதற்கு முன்பே, இன்னும் குட்டியாக இருந்தபோது பழக்கியவை மறந்துவிட்டன. மூளையில் பிறகு உருவாகும் பகுதி ஒன்று கரையாமல் தங்குவதால் இருக்கலாம் என்கிறார்கள்.

கேட்டது போதும், நீயும் ஒன்று செய்து பார். கடிக்காத சின்ன எறும்புகள் வரிசையாகப் போகும் இடம் ஒன்றைக் கண்டுபிடி. (கடிக்கிற எறும்பிடம் இந்த விளையாட்டு வேண்டாம்.) இவை பாலைவன எறும்பு போல அடியை மட்டும் நம்பிப் போவதில்லை, முன்னே போனவர் தரையில் வைத்துவிட்டுப் போன வாசனையைப் பிடித்துக்கொண்டு போகின்றன. வரிசையில் எறும்பு இல்லாத ஒரு சின்ன இடைவெளி வரும்போது, பாதைக்குக் குறுக்கே ஈர விரலால் ஒரு கோடு அழுத்தித் துடை. அடுத்து வரும் எறும்பு அந்த இடத்தில் டக்கென்று நிற்கும். உணர்கொம்பை ஆட்டித் தேடும். சிலது திரும்பிப் போகும், இரண்டு பக்கமும் கூட்டம் சேரும். பிறகு யாரோ ஒருவர் தைரியமாகத் தாண்டுவார், பின்னாலேயே மற்றவர்கள். வரிசை மறுபடி பழையபடி ஆக எத்தனை நிமிடம் ஆகிறது என்று நோட்டில் குறித்து வை. நாளைக்கு விரலகலத்துக்குப் பதில் உள்ளங்கை அகலம் துடைத்துப் பார், நேரம் எவ்வளவு கூடுகிறது என்று எனக்கும் எழுது.